மல்பெரி மரம் வளர்க்கலாமா, வேண்டாமா?

"வீட்டுல என்ன மரம் வைக்கலாம்?" என்று யாராவது கேட்டால் நம்மூரில் பதில் ரெடியாக இருக்கும். தென்னை, மா, கொய்யா, முருங்கை. மிஞ்சிப் போனால் ஒரு எலுமிச்சை. மல்பெரி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நான் சொல்வேன். ஆனால் சொன்ன கையோடு ஓர் எச்சரிக்கையும் சொல்வேன். ஏனென்றால் எங்கள் வீட்டு மல்பெரி, இரண்டு வீட்டுக்கு நடுவே சண்டை மூட்டிவிட்டு, வெட்டுப்படும் நிலை வரைக்கும் போய்த் திரும்பி வந்த மரம்.

முதலில் மரம் வந்த கதை. தாவரவியல் புத்தகத்தில் முசுக்கட்டை என்று போட்டிருப்பார்கள். தருமபுரிப் பக்கம் பட்டுப்பூச்சிச் செடி என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். எங்கள் மாமாவுக்குப் பாலக்கோடு பக்கம் கொஞ்சம் நிலம். பட்டுப்புழு வளர்க்கிறார், கூட்டைத் தருமபுரி அங்காடிக்குக் கொண்டுபோய் ஏலத்தில் விற்பார். நான் ஏழாவது படிக்கும்போது சேலத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவர், ஈரத்துணியில் சுற்றி நாலைந்து குச்சி கொண்டு வந்தார்.

"என்ன மாமா, ஊர்லேர்ந்து வெறுங்குச்சியா கொண்டாந்திருக்கீங்க?"

"நட்டு வை. அடுத்த வருசம் உன் நாக்கு ஊதாவா இருக்கும் பாரு."

பென்சில் தடிமன், ஒரு சாண் நீளம், மூன்று நான்கு கணு. அவ்வளவுதான் மல்பெரிக்கு விதை. முக்கால்வாசி மண்ணுக்குள் போகிற மாதிரி சாய்த்து நட்டு, தினமும் ஒரு சொம்புத் தண்ணீர். மூன்று வாரத்தில் துளிர். மா வைத்தால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இது அடுத்த வருடமே பழம் கொடுத்தது. பொறுமை இல்லாத ஆளுக்கு (அதாவது எனக்கு) ஏற்ற மரம்.

நான் செய்த ஒரே தப்பு, அதை நட்ட இடம். காம்பவுண்டு சுவரிலிருந்து மூன்றடி கூட இருக்காது. அந்தக் குச்சி மரமாகும் என்று யாருக்குத் தோன்றும்? மாமா தோட்டத்தில் இடுப்பளவுக்கு மேல் அது வளர்ந்தே நான் பார்த்ததில்லை. அங்கே இலைக்காக வெட்டிக்கொண்டே இருப்பார்கள், அதனால் குள்ளமாக நிற்கிறது. வெட்டாமல் விட்டால் முப்பதடி கூடப் போகும் மரம் அது. இந்த விஷயம் எனக்கு நாலு வருடம் கழித்துத்தான் புரிந்தது.

சரி, சந்தோஷங்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கடையில் காசு கொடுத்து வாங்க முடியாத ருசி இது. மல்பெரி பழுத்துவிட்டால் தொட்டாலே சாறு விடும். பறித்து ஒரு நாள் வைத்தால் குழைந்துவிடும். அதனால்தான் பழக்கடைத் தள்ளுவண்டியில் நீங்கள் அதை அதிகம் பார்த்திருக்க மாட்டீர்கள். பச்சையில் புளிப்பு, சிவப்பில் புளிப்பும் துவர்ப்பும், கறுப்பாகித் தானாகக் கையோடு வரும்போது இனிப்பு. கறுத்ததை மட்டும் பறிப்பது ஒரு பயிற்சி. இழுத்தால் வராத பழம் இன்னும் பழுக்கவில்லை என்று அர்த்தம், விட்டுவிட வேண்டும்.

இன்னொன்று, அந்தப் பழத்தை உற்றுப் பார்த்தால் ஒரு வேடிக்கை. அது ஒரு பழமே இல்லை. ஒவ்வொரு குட்டி மணியும் ஒவ்வொரு பூவிலிருந்து வந்தது. கூட்டுக்கனி என்று பள்ளியில் படித்தோமே, பலாப்பழம் உதாரணத்தோடு, அதே ரகம். சும்மா இல்லை, பலா, அத்தி, ஆல், அரசு, மல்பெரி எல்லாம் ஒரே குடும்பம். இலைக்காம்பைக் கிள்ளினால் எல்லாவற்றிலும் பால் வரும். ஐந்தாறு கிலோ பலாப்பழத்துக்கும் சுண்டுவிரல் நுனி மல்பெரிக்கும் சொந்தம் என்று தெரிந்த நாளில் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அப்படியா, போய்ப் பாத்திரம் கழுவு" என்றார்.

அப்புறம் பறவைகள். கொண்டைக்குருவி ஜோடியாக வரும். மைனா கும்பலாக வரும். குயில் ஒளிந்திருந்து தின்னும். ராத்திரி ஷிப்டுக்கு வௌவால். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் தவறாமல் கேட்கும் கேள்வி, "பட்டுப்பூச்சி வருமா?" வராது. பட்டுப்புழுவை மனிதன் ஆயிரக்கணக்கான வருடங்களாக வீட்டுக்குள்ளேயே வளர்த்து வளர்த்து, அதன் அந்துப்பூச்சிக்கு இறக்கை இருந்தும் பறக்கத் தெரியாமல் போய்விட்டது. மரத்தைத் தேடி அது வராது, நாம்தான் இலையை அதனிடம் கொண்டுபோக வேண்டும். (கம்பளிப்பூச்சி வரும். அது அழைப்பில்லாமலேயே வரும்.)

இப்போது தொல்லைகள்.

கறை. இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தரையில் விழுந்த பழத்தை ஒருவர் மிதித்துவிட்டு உள்ளே வந்தால் ஹால் முழுக்க ஊதாத் தடம். வெள்ளைச் சட்டையில் பட்டதை அம்மா சோப்பு போட்டுத் தேய்த்ததும் கறை போகாமல் நீலமாக மாறியது. எலுமிச்சை பிழிந்தால் மறுபடி சிவப்பு. ஆந்தோசயனின் என்ற நிறமியின் வேலை. அமிலத்தில் ஒரு நிறம், காரத்தில் ஒரு நிறம். லேபில் லிட்மஸ் தாளை வைத்துக்கொண்டு செய்ததை எங்கள் வீட்டில் யூனிபார்மை வைத்துச் செய்தோம்.

பூச்சி. 2008இல் கோயம்புத்தூரில் முதலில் கண்ணில் பட்ட பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளியோடு நிற்கவில்லை. நம்ம பக்கத்துக் குச்சிக்கிழங்கையும் மல்பெரியையும் சேர்த்தே அழித்தது. புழு வளர்ப்பவர்கள் மல்பெரிக்கு மருந்தும் இஷ்டத்துக்கு அடிக்க முடியாது, அந்த இலையைத் தின்றால் புழு செத்துப்போகும். 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு பொடிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. மாமா இன்றைக்கும் அந்த இரண்டு வருடத்தைப் பற்றிப் பேசினால் குரல் மாறிவிடும்.

வேர். சாக்கடைக் குழாய் பக்கத்தில் இருந்தால் ஈரத்தைத் தேடிப் போகும்.

இதெல்லாம் நம் வீட்டுக்குள் முடிகிற தொல்லை. சுவரைத் தாண்டிப் போகிற தொல்லைதான் பெரிசு.

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா கோடையில் வடகம் போட்டு விற்பவர். சேலத்தில் ஜவ்வரிசிக்குப் பஞ்சமில்லை. மாசி கடைசியில் ஆரம்பித்தால் சித்திரை முடியும் வரை அவர் மொட்டை மாடி முழுக்க வெள்ளை வேட்டி விரித்து வடகம் காயும். அந்தச் சம்பாத்தியத்தில்தான் ஜூன் மாதம் பிள்ளைகளின் ஸ்கூல் செலவு. எங்கள் மரம் அவர் மாடி உயரத்துக்கு வளர்ந்ததும், பறவைகள் இங்கே தின்றுவிட்டு அங்கே போய் உட்கார ஆரம்பித்தன. மீதியை நான் விவரிக்க வேண்டியதில்லை. ஒரு நாள் காலையில் போட்ட ஈடு முழுக்க ஊதாப் புள்ளி. அத்தனையையும் வழித்துக் கொட்டினார்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார். "கண்ணு, உனக்கு அது பழம். எனக்கு அது ஒரு நாள் கூலி. வெட்டச் சொல்லு அப்பாவ."

எனக்கு வந்ததே கோபம்! குருவி செய்ததற்கு மரம் என்ன செய்யும், எங்கள் இடத்தில் இருக்கிற மரத்தை வெட்டச் சொல்ல இவர் யார் என்று உள்ளே வந்து கத்தினேன். பறவைகள், சுற்றுச்சூழல், உலகம் வெப்பமாதல் என்று தெரிந்ததையெல்லாம் எடுத்து விட்டேன். அப்பா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "சுற்றுச்சூழல் நல்லதுதான். அதுக்கான செலவை அந்தம்மா மட்டும் ஏன் குடுக்கணும்?"

பதில் இல்லை என்னிடம். இன்றைக்கும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆள் வந்து வெட்டுவது என்று முடிவாகிவிட்டது. நடுவில் மாமாவிடம் போனில் அழாத குறையாகச் சொன்னேன். அவர் சிரித்தார். "ஏண்டா, நாங்க வருசத்துக்கு எத்தனை தடவை வெட்டறோம், அது சாவுதா? மல்பெரியை வெட்டறதுன்னா கொல்றது இல்ல. மாசி கடைசியில கவாத்து பண்ணிப்புடு. துளிர்த்து, பூத்து, பழுக்க ஒன்றரை ரெண்டு மாசம் ஆயிரும். அதுக்குள்ள அந்தம்மா வடகம் எடுத்து முடிச்சிரும்."

அதைத்தான் செய்தோம். அக்கா வீட்டுப் பக்கம் போன கிளைகளை அடியோடு எடுத்தோம். மற்றதை ஏழடிக்குக் குறைத்தோம். பங்குனி முழுக்க மரம் பழமில்லாமல் நின்றது. பழம் வைகாசியில் வந்தது, அதுவும் கைக்கு எட்டும் உயரத்தில். முதல் கிண்ணம் சுவருக்கு அந்தப் பக்கம் போனது. கிண்ணம் திரும்பி வரும்போது அதில் பொரிக்காத வடகம் இருந்தது. இரண்டு வீட்டிலும் யாரும் ஸாரி சொல்லவில்லை, தேவையும் படவில்லை.

இதிலும் ஒரு நஷ்டம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். நல்ல வெயில் காலத்தில் எங்களுக்கு நிழல் இல்லை. பங்குனி வெயிலில் துணி துவைக்கும் அம்மா ஒவ்வொரு வருடமும் இதைச் சொல்லிக் காட்டுவார். ஆனால் அந்த நஷ்டம் மரம் வைத்த எங்களுடையது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

"பழமே இல்லாத மல்பெரி வைத்தால் போச்சு" என்று ஒரு நண்பன் சொன்னான். அமெரிக்காவில் அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். பாலைவன ஊர்களில் நிழலுக்காக, கறை வேண்டாமென்று, ஆண் மல்பெரி மரங்களாகப் பார்த்து நட்டார்கள். ஆண் மரத்தில் பழம் இல்லை, ஆனால் மகரந்தம் உண்டு. வெண் மல்பெரிப் பூ, ஒலியின் வேகத்தில் பாதிக்கு மேலான வேகத்தில் மகரந்தத்தைச் சுண்டி எறிகிறது என்று 2006இல் ஓர் ஆய்வில் அளந்திருக்கிறார்கள். ஊரே தும்மியது. அரிசோனாவின் டூசான் பகுதியில் 1984லும், லாஸ் வேகாஸ் பகுதியில் 1991லும் அந்த மரத்தை விற்கத் தடை போட்டார்கள். தரைக் கறைக்குப் பயந்து தும்மலை விலைக்கு வாங்கிய கதை. தொல்லையே இல்லாத மரம் என்று ஒன்று கிடையாது, அது யார் தலையில் விழுகிறது என்பதுதான் கேள்வி.

ஆக, மல்பெரி வளர்க்கலாமா? தாராளமாக. நான்கு விஷயத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. சுவர், சாக்கடை, தண்ணீர்த் தொட்டியிலிருந்து பதினைந்து இருபது அடி தள்ளி நடுங்கள். இடம் இல்லையென்றால் பெரிய தொட்டியில் வைத்துக் குள்ளமாகவே வெட்டி வளருங்கள். நன்றாகக் காய்க்கும்.

2. அடியில் சிமென்ட் தரை வேண்டாம், மண்ணாக இருக்கட்டும். விழுந்த பழம் உரமாகும்.

3. வருடம் ஒரு முறையாவது கவாத்து. பாவம் பார்க்காதீர்கள். அடுத்த பழம் புதுத் துளிரில்தான் வரும்.

4. குச்சியை ஊன்றும் முன் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் மாடியில் என்ன காய்கிறது, எந்த மாதம் காய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நாலாவதைத்தான் நான் செய்யாமல் விட்டேன். பத்திரம் நம் பெயரில் இருக்கலாம். ஆனால் கிளைக்கும் குருவிக்கும் பத்திரம் படிக்கத் தெரியாது. "என் இடம், என் மரம்" என்று நிற்பவர் மரத்தையும் காப்பாற்ற மாட்டார், பக்கத்து வீட்டு உறவையும் காப்பாற்ற மாட்டார். "தொல்லை, வெட்டு" என்று நிற்பவருக்கு ஊதா நாக்கு கிடைக்காது. நடுவில் ஒரு அரிவாளும் கொஞ்சம் காலண்டரும் இருந்தால் இரண்டுமே மிஞ்சும்.

போன மாதம் அக்காவின் சின்னப் பையன் சுவரோரம் நின்று கேட்டான், "எனக்கும் ஒரு குச்சி வெட்டித் தர்றியா?"

வெட்டிக் கொடுத்தேன். சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளி நட வேண்டும் என்று நானே இறங்கிப் போய் அளந்தும் கொடுத்தேன் :-)

டிஸ்கி: பழுக்காத காயை ஆசைப்பட்டு நிறையத் தின்றுவிட்டு வயிற்றைக் கலக்கினால் நான் பொறுப்பல்ல. அனுபவத்தில் சொல்கிறேன்.