தாங்கும் என்பது ஓர் அளவல்ல

மடவளை பஜாரில் மிளகும் கராம்பும் கொள்வனவு செய்யும் கடையொன்றின் தராசில், நோன்புப் பெருநாள் கழிந்த மூன்றாம் நாள், ஓர் இரும்புச் சட்டகத்தை ஏற்றி நிறுத்தேன். கடைக்காரர் எனது வயதை எண்ணிச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். சட்டகம் 31 கிலோ. அதன் பின்னர் மருமகனின் துவிச்சக்கர வண்டியை ஏற்றினோம்: 15 கிலோ. அவனது நண்பனின் மின்சாரச் சைக்கிள் 26 கிலோ. மொத்தம் 72. இந்த மூன்றையும் சுமந்துகொண்டுதான் மருமகனின் நிசான் லீஃப் கார், அதற்கு முந்திய நாள் திகனை, தெல்தெனிய வழியாக ஹுன்னஸ்கிரிய நோக்கிப் புறப்பட்டது. பதினெட்டு வளைவு வீதியில் இறங்கி மகியங்கனை வரை செல்வது திட்டம்.

தெல்தெனியவில் தேநீருக்கு நிறுத்தியபோது சட்டகம் ஒரு பக்கமாகச் சரிந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். குனிந்து பார்த்தால், காரின் அடிப்பாகத்தோடு கொழுக்கியைப் பொருத்திய வெல்டிங்கில் நகம் நுழையுமளவு வெடிப்பு. அங்கேயே கழற்றிவிட்டுத் திரும்பினார்கள். அல்லாஹ் காப்பாற்றினான் என்று சகோதரி சொன்னாள். நானும் அதையே சொல்கிறேன். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள மனம் வரவில்லை.

“பாஸ் சொன்னாரு மாமா, இது எதையும் தாங்குமாம்” என்றான் மருமகன். எதையும் என்றால் எத்தனை கிலோ என்று கேட்டேன். அப்படியொரு கேள்வி இருப்பதே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. கொழுக்கியைச் செய்து பொருத்திய கராஜ்காரரும் அதைக் கேட்டுக்கொண்டதில்லை. பணம் கொடுத்த பற்றுச்சீட்டில் “டோபார் 1” என்று மாத்திரம் இருந்தது. நாற்பது வருடங்களுக்கு மேல் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் நான். எண் இல்லாத உறுதிமொழியைக் கண்டால் சந்தேகப்படுவது எனது பழக்கமாகிவிட்டது.

அந்தப் பாஸின் கைத்திறனை நான் குறைத்துச் சொல்லவில்லை. எமது மலையகத்துப் பாஸ்மார் தொழில் பழகியது தோட்டத்து லேண்ட்ரோவர்களிலும் பழைய ஜீப்புகளிலும். அவற்றுக்குக் கீழே ஏணி போன்ற கனத்த சேசிஸ் உண்டு. அதில் எதை ஒட்டினாலும் நிற்கும். லீஃப் காருக்கு அப்படியொரு சேசிஸ் கிடையாது. மெல்லிய உருக்குத் தகடுகளை மடித்து இணைத்து, உடலையே எலும்பாக்கிக் கட்டிய வாகனம் அது. அந்தத் தகட்டில் வெல்டிங் தீயை வைத்தால் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகிறது. தீப்பட்ட இடத்தைச் சுற்றி உலோகத்தின் இயல்பே மாறுகிறது. அடுத்த மழைக்குத் துருவும் ஏறத் தொடங்கும். கண்டியின் மழையைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

நிசான் நிறுவனம் அந்த முதற் தலைமுறை லீஃப் காருக்கு இழுவைச் சுமை எதையும் அனுமதிக்கவில்லை. அதனால் எதையும் இழுக்க வேண்டாம் என்பதே கைநூல் தரும் எச்சரிக்கை. ஆனால் 2015ஆம் ஆண்டை ஒட்டி, வரிச் சலுகையின் துணையோடு இங்கு வந்து குவிந்த லீஃப் கார்களிற் பெரும்பாலானவை ஜப்பானில் பாவித்தவை. கைநூல் வந்திருந்தாலும் அது ஜப்பானிய மொழியில் இருந்தது. அதை வாசித்த உரிமையாளர் ஒருவரையும் நான் இன்றுவரை சந்தித்ததில்லை.

மருமகன் இக்காலத்துப் பிள்ளை. இரண்டே நாளில் எனக்கு மறுப்பு எழுதி அனுப்பினான். ஐரோப்பாவில் விற்கப்படும் ஃபோக்ஸ்வேகன் ஐடி.3 என்ற மின்சாரக் காரின் கொழுக்கிக்கு 75 கிலோ அனுமதி இருக்கிறதாம். தங்களுடையது 72தானே, அப்படியானால் எல்லைக்குள்தானே என்று கேட்டிருந்தான். நல்ல கேள்வி. ஆனால் அந்த 75 ஐடி.3 காருக்கு உரியது. பக்கத்து வீட்டுக்காரரின் மருந்துச் சீட்டை வைத்து எவரும் மாத்திரை விழுங்குவதில்லை. அதே ஐடி.3 காருக்கு வண்டி இழுக்க அனுமதியே கிடையாது என்பதையும், அந்தக் கொழுக்கி சைக்கிள் தாங்கி போன்றவற்றுக்கு மட்டுமே உரியது என்பதையும் அவன் கவனிக்கவில்லை. அதற்கென்று வடிவமைத்த பாகம், அதற்கென்று வலுவூட்டிய இடத்தில் பொருத்தப்படுகிறது. இருந்தும் 75க்கு மேல் வேண்டாம் என்கிறார்கள்.

டெஸ்லாவின் கதை இன்னும் தெளிவானது. மொடல் வை காரின் அமெரிக்கக் கைநூல், வண்டி இழுக்கும்போது கொழுக்கியின் மேல் ஏறக்கூடிய செங்குத்துச் சுமையாக 350 இறாத்தலைத் தருகிறது. அதாவது சுமார் 160 கிலோ. சைக்கிள் தாங்கி போன்றவற்றை அதே கொழுக்கியில் மாட்டினாலோ 160 இறாத்தல்தான், சுமார் 72 கிலோ. கொழுக்கி ஒன்று, எல்லை இரண்டு. காரணம் இதுதான்: இழுக்கப்படும் வண்டிக்குச் சொந்தச் சக்கரங்கள் உண்டு. அது கொழுக்கியின் மேல் சற்றே சாய்கிறது, அவ்வளவுதான். சைக்கிள் தாங்கிக்குக் கால் கிடையாது. சுமை முழுவதும் காருக்குப் பின்னால் அந்தரத்தில் நின்று, ஒவ்வொரு குழியிலும் கொழுக்கியை முறுக்குகிறது. குழியில் விழுந்து எழும் கணத்தில் 72 கிலோ 72 கிலோவாக இருப்பதில்லை. எமது வீதிகளில் அந்தக் கணங்களுக்குப் பஞ்சமும் இல்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. அதை நெம்புகோல் படித்த எந்தப் பாடசாலை மாணவனும் போடலாம். லீஃப் காரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.7 மீற்றர். சைக்கிள்களின் பாரம் பின் அச்சிலிருந்து ஏறக்குறைய 1.2 மீற்றர் தள்ளித் தொங்குகிறது என்று வையுங்கள். 72 கிலோ பின்னால் ஏறும்போது முன் சக்கரங்களிலிருந்து 32 கிலோ குறைந்துவிடுகிறது. பின் அச்சில் 104 கிலோ கூடுகிறது. லீஃப் முன் சக்கரங்களால் ஓடும் வாகனம். ஏற்றத்தில் பிடிமானம் தருவதும், வளைவில் திரும்புவதும், இறக்கத்தில் தடை பிடிப்பதில் பெரும்பங்கு ஏற்பதும் அந்த முன் சக்கரங்களே. பதினெட்டு வளைவுக்கு அவற்றின் பாரத்தைக் குறைத்துக்கொண்டா போவது? போதாததற்கு, மின்கலத் தொகுதி மட்டுமே சுமார் 300 கிலோ எடையுள்ள கார் இது. ஆட்கள், பொதிகள் எல்லாம் சேர்த்து அது ஏற்கக்கூடிய பாரம் 400 கிலோவை ஒட்டியதுதான். வளர்ந்த ஐவர் ஏறினாலே அதன் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் ஐக்கிய நாடுகளின் 55ஆம் இலக்க வாகன ஒழுங்குவிதியின்படி, இழுவைக் கொழுக்கி ஒவ்வொன்றிலும் ஒரு தகடு இருக்கவேண்டும். செங்குத்தாக எத்தனை கிலோ தாங்கும் என்பது அதிற் பொறிக்கப்பட்டிருக்கும். தாங்கியிலும் அதன் எல்லை எழுதியிருக்கும். காருக்கு ஓர் எண், கொழுக்கிக்கு ஓர் எண், தாங்கிக்கு ஓர் எண். இவற்றுள் எது சிறியதோ அதுவே சட்டம். மருமகனின் காருக்குச் சொல்லப்பட்ட எண் பூச்சியம். மற்ற இரண்டுக்கும் எண்ணே இல்லை.

“மூன்று மூட்டை மாவைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வத்துகாமம் வரை மிதித்தவர்கள் நாங்கள், இதெல்லாம் வெள்ளைக்காரனின் பயம்” என்று பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு நண்பர் சொன்னார். மிதித்தது உண்மைதான். மூட்டை விழுந்தால் மாவு கொட்டும், நண்பர் இறங்கி அள்ளுவார். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் காரிலிருந்து 72 கிலோ இரும்பு கழன்றால், அதைச் சந்திப்பவர் காரோட்டி அல்லர். பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவர். பெற்றோல் தாங்கியின் மேல் ஒரு பிள்ளையையும் இருத்திக்கொண்டு வருபவர். அவரிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை.

இந்நாட்டில் இதை யார் பார்க்கிறார்கள்? வருடாந்த வாகன வரிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்கப்படுகிறது; மின்சாரக் காருக்குப் புகை இல்லை, ஆகவே அந்தப் பரிசோதனையும் இல்லை. லொறிக்கும் பஸ்ஸுக்கும் தகுதிச் சான்றிதழ் தேவை; தனியார் காருக்குத் தேவையில்லை. ஆக, ஒரு மின்சாரக் கார் இறக்குமதியான நாளிலிருந்து இரும்புக் கடைக்குப் போகும் நாள் வரை, அதன் அடிப்பாகத்தை அரசாங்கத்தின் எந்தக் கண்ணும் பார்க்காமலே இருந்துவிடலாம். 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. புதிய சீன மின்சாரக் கார்கள் இப்போது மடவளையின் ஒழுங்கைகளிலும் தென்படுகின்றன. 2022இன் எரிபொருள் வரிசைகளுக்குப் பிறகு சைக்கிளிலும் எமது இளைஞர்களுக்கு ஆசை பிறந்திருக்கிறது. இரண்டும் நல்லவையே. இரண்டையும் இணைக்கும் இரும்பைத்தான் கவனிப்பாரில்லை.

நான் கேட்பது பெரிய காரியமன்று. கார் விற்பவர், அந்தக் காருக்குக் கொழுக்கி அனுமதிக்கப்பட்டிருக்கிறதா, எத்தனை கிலோவுக்கு என்பதை விற்பனைப் பத்திரத்திலேயே தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தரட்டும். அனுமதி இல்லையென்றால் இல்லை என்றே எழுதட்டும். கொழுக்கியோ தாங்கியோ செய்து விற்பவர், தன் பெயரையும் தாங்கும் கிலோவையும் அதிற் பொறிக்கட்டும். பொறிக்காத கொழுக்கியை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் தடை செய்யட்டும். பெயர் பொறிக்கவேண்டும் என்று வந்தால், “எதையும் தாங்கும்” என்று சொல்லும் வாய்கள் பாதி அடங்கிவிடும் என்பது எனது கணிப்பு.

மருமகன் கொழுக்கியை வெட்டி எடுத்துவிட்டான். வெட்டிய இடத்தில் துரு தெரிகிறது; அதற்கு வேறொரு கராஜில் பூச்சு அடிக்கவேண்டும். அடுத்த பயணத்துக்குச் சைக்கிள்களை ஏற்ற ஒரு பட்டா லொறி பேசியிருக்கிறார்கள். கூலி பற்றிப் பெரும் முறைப்பாடு. பாதியை நான் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.