ஓர் இறைச்சித் துண்டின் விலை

முதலில் கணக்கை எழுதிவிடுகிறேன். ஸ்டேக் ஒன்று 11,500 ரூபா. சேவைக் கட்டணம் நூற்றுக்குப் பத்து, 1,150 ரூபா. இரண்டையும் கூட்டி அதன் மேல் 18 வீத வற் வரி, 2,277 ரூபா. ஆகக்கூடி 14,927 ரூபா. இது ஓர் ஆளுக்கு. நாங்கள் மூன்று பேர் போயிருந்தோம். தண்ணீர்ப் போத்தலின் விலையை நான் பார்க்கவில்லை. பார்க்கும் தைரியம் அதற்குள் போய்விட்டிருந்தது.

டோஹாவிலிருந்து லீவில் வந்திருந்த சாச்சாவின் மகன்தான் எங்களைக் கொழும்புக்கு அழைத்துப் போனான். பணம் கட்டியதும் அவன்தான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்தக் காசுக்கு இது பெறுமதியா என்று அந்த மேசையிலேயே அவனிடம் கேட்டேன். "நானா, நீங்க மஹய்யாவயில வாங்கிற இறைச்சியோட இதை ஒப்பிடக் கூடாது" என்றான். ஒப்பிடத்தான் போகிறேன் என்றேன். இந்தக் கட்டுரை அந்த வாக்குவாதத்தின் மிச்சம்.

ருசியாக இருந்ததா? இருந்தது. பொய் சொல்லி வாதாடும் பழக்கம் எனக்கில்லை. வெளியே சுட்ட வாசம், உள்ளே ஈரம், கத்தியை வைத்ததும் தானாக இறங்கியது. ஆனால் மூன்றாமவரான என் மாமா உள்ளிருந்த சிவப்பைக் கண்டதும் "இரத்தம்" என்று பீங்கானைத் தள்ளிவிட்டார். அது இரத்தமல்ல, இரத்தம் அறுக்கும்போதே வடிந்துவிடுகிறது, இது தசையிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர் என்று வகுப்பில் சொல்வது போல் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. நன்றாக வேகவைத்து வரும்படி திருப்பி அனுப்பினார். வந்தது செருப்புத் தோல். அதற்கும் அதே 14,927 ரூபாதான்.

இந்த மென்மைக்கு ஏன் இத்தனை விலை? மாட்டின் முதுகெலும்புக்கு அடியில், இடுப்போரமாக ஒரு தசை இருக்கிறது. நம் கடைகளில் அதை அண்டர்கட் என்பார்கள், ஹோட்டல்காரர்கள் ஃபில்லெட் என்பார்கள். முழு மாட்டிறைச்சியில் அது நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுதான் தேறும். அந்தத் தசைக்கு வேலை மிகக் குறைவு. காலைப் போல் நடக்காது, கழுத்தைப் போல் நுகம் சுமக்காது. அதனால் அது மிருதுவாக இருக்கிறது. ஏனைய ஸ்டேக் துண்டுகளும் பெரும்பாலும் முதுகுப் பக்கத்தவைதான். அதற்கு மேல் அந்த வெளிநாட்டு மாட்டை மாதக் கணக்கில் தானியம் போட்டு வளர்த்து, தசைக்குள்ளேயே கொழுப்பு இழையோட வைக்கிறார்கள். அறுத்த பிறகு குளிரில் வாரக் கணக்கில் தொங்கவிட்டு, தசை தானாகத் தளரும்வரை காத்திருக்கிறார்கள். அதற்குள் நீர் வற்றி நிறை குறைகிறது, அந்தக் குறைவும் விலையில் ஏறுகிறது. நம் மாடோ வயல் உழுதது, இல்லாவிட்டால் பத்துப் பன்னிரண்டு வருடம் பால் கொடுத்து ஓய்ந்தது. விடியலில் அறுத்து பகலுக்குள் விற்றுத் தீர்க்கிறோம். அது கடினமாக இருக்கிறதென்றால் அது உழைத்திருக்கிறது என்று பொருள். உழைக்காத தசைக்கு அதிக விலை, உழைத்த தசைக்குக் குறைந்த விலை. மனிதரிலும் நாம் இப்படித்தானே விலை போடுகிறோம்?

சமையலை எடுத்துக்கொள்வோம். உலகத்திலேயே குறைந்த வேலையில் முடியும் இறைச்சிச் சமையல் ஸ்டேக்தான். உப்பு, மிளகு, கடும் சூடான இரும்பு, பத்து நிமிடம். பக்குவம் தெரிய வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் என் உம்மும்மா பாபத் கழுவுவதைப் பார்த்தவன் நான். சுடுதண்ணீரில் போட்டெடுத்து, சுண்ணாம்பு தடவி, கறுப்புத் தோல் போகும்வரை கத்தியால் சுரண்டி, மடிப்பு மடிப்பாகப் பிரித்துக் கழுவி அடுப்பிலேற்ற முற்பகல் முழுதும் போகும். அதன் பிறகு வேக இரண்டு மூன்று மணித்தியாலம். அந்த வேலைக்கு யாரும் சேவைக் கட்டணம் போட்டதில்லை. ஸ்டேக்கையும் நம் பெண்கள் அறியாதவர்களல்ல. வெள்ளைக்காரனின் பீஃப் ஸ்டேக் இந்நாட்டுக் குசினிக்குள் வந்து 'பிஸ்டேக்' ஆகி வெகுகாலமாயிற்று. கடின இறைச்சியை மெல்லிசாக அரிந்து, தட்டி, வினாகிரியிலும் மிளகிலும் ஊறவைத்து, வெங்காயமும் தக்காளியும் உருளைக்கிழங்கும் சேர்த்தால் அரைக் கிலோவில் ஒரு குடும்பமே சாப்பிடும்.

இடத்துக்கு வாடகை, குளிரூட்டி, பயிற்சி பெற்ற சமையற்காரன், விமானக் கூலி என்று சாச்சாவின் மகன் அடுக்கினான். எல்லாம் உண்மை. அப்படியானால் நாற்காலிக்கும் விளக்குக்கும் காசு கொடுத்தோம் என்று சொல்லுங்கள், இறைச்சிக்குக் கொடுத்தோம் என்று சொல்லாதீர்கள். நாங்கள் இருந்த நேரத்தில் அக்கம்பக்கத்து மேசைகளில் முதல் வாய் வைக்க முன்பே கைத்தொலைபேசிகள் எழுந்தன. ஆறிய ஸ்டேக்கைப் போல் பரிதாபமான பொருள் இல்லை, ஆனால் படம் எடுத்து முடியும்வரை அது ஆறிக்கொண்டுதான் இருந்தது.

இந்த வியாபாரத்தின் உச்சம் எதுவென்று வளைகுடாவிலிருக்கும் நம் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். துருக்கியின் நுஸ்ரெத் கோக்சே, சால்ட் பே என்று உலகம் அழைக்கும் மனிதர். சுரங்கத் தொழிலாளியின் மகன், பள்ளிப் படிப்பை விட்டு இறைச்சிக்கடையில் எடுபிடியாகச் சேர்ந்தவர். 2021 இல் லண்டனில் கடை திறந்தபோது தங்கத்தாள் சுற்றிய ஒரு பெரிய எலும்புத் துண்டு 1,450 பவுணுக்கு விற்றது. தங்கத்துக்கு ருசியோ மணமோ கிடையாது, வயிற்றில் கரையவும் செய்யாது. அந்த வருட நவம்பரில் வியட்நாமின் பொதுப் பாதுகாப்பு அமைச்சர் தோ லாமுக்கு அந்தத் தங்க இறைச்சியை நுஸ்ரெத் தன் கையால் ஊட்டும் காட்சி வெளியானது. கார்ல் மார்க்ஸின் கல்லறைக்கு மலர் வைக்கப் போன பயணம் அது! டா நாங் நகரில் ஒரு நூடில்ஸ் வியாபாரி அதே பாணியில் தன் கோப்பையில் வெங்காயத்தாள் தூவி நடித்துக் காட்டினார். அரசுக்கெதிரான பிரசாரம் என்ற குற்றச்சாட்டில், வேறு பதிவுகளையும் சேர்த்து, 2023 மே மாதம் அவருக்கு ஐந்தரை வருடச் சிறை. அமைச்சர் 2024 இல் கட்சியின் பொதுச் செயலாளரானார்.

இது வெறும் நாக்கு விவகாரமாகவோ பணக்காரரின் பகட்டாகவோ இருந்திருந்தால் இவ்வளவோடு விட்டிருப்பேன். நம் நாட்டில் இறைச்சி இதற்கு மேலும் ஒரு விடயம் என்பதால் விட முடியவில்லை.

2013 மே 24, வெசாக் தினம். கண்டி தலதா மாளிகைக்கு முன்னால் போவத்தே இந்திரரதன தேரர் தன் உடலுக்குத் தீ வைத்துக்கொண்டார். மாடறுப்பைத் தடைசெய்ய வேண்டும் என்பது அவரது கோரிக்கைகளில் ஒன்று. மறுநாள் கொழும்பு ஆஸ்பத்திரியில் மரணமானார். மஹய்யாவயிலிருந்து மாளிகைக்கு நடந்தே போய்விடலாம், அத்தனை பக்கம். எங்கள் பக்கத்து இறைச்சிக்கடை நானா ஒரு வாரம் கடையைத் திறக்கவில்லை. ஒரு மனிதர் மற்றோர் உயிருக்காக எரிந்ததை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அதற்குப் பிந்திய கோபம் எங்கே போனது என்று பாருங்கள். மாடேற்றிய லொறிகளை வழிமறித்தார்கள், இறைச்சிக்கடைகளைக் குறிவைத்தார்கள். ஸ்டேக் விற்கும் எந்த நட்சத்திர ஹோட்டலின் வாசலிலும் ஒரு பதாகையைக்கூட நான் காணவில்லை.

2020 செப்டெம்பரில் அன்றைய பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ மாடறுப்புத் தடை யோசனையைக் கொண்டுவந்தார், அமைச்சரவை அங்கீகரித்தது. அதே தீர்மானத்துக்குள் இன்னொரு வரி இருந்தது. மாட்டிறைச்சி உண்போருக்காக வெளிநாட்டிலிருந்து இறைச்சியை இறக்குமதி செய்து சலுகை விலையில் கொடுப்பார்களாம். 2021 ஒக்டோபரில் 1893 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தையும் 1958 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க விலங்குகள் சட்டத்தையும் திருத்த அனுமதியும் கொடுத்தார்கள். அடுத்த வருடம் காஸுக்கும் பால்மாவுக்கும் டொலர் இல்லாமல் நாடே வரிசையில் நின்றது, அந்த அரசாங்கமும் போயிற்று, தடை சட்டமாகாமலே நின்றுவிட்டது. ஆனால் அந்த இறக்குமதி வரியை நாம் மறக்கக் கூடாது. மாடு சாகலாம், குயின்ஸ்லாந்தில் சாகலாம் என்பதுதானே அதன் பொருள்? என் பீங்கானில் கிடந்த அவுஸ்திரேலியத் துண்டு அந்தத் தீர்மானத்தின் மாதிரிச் சரக்கு. அறுக்கும் சத்தம் கேட்காத, கழிவுநீர் ஓடாத, முஸ்லிமின் கை படாத இறைச்சி. அந்தச் சுத்தத்துக்குத்தான் 11,500 ரூபா.

அந்தத் தடை நிறைவேறியிருந்தால் யார் கெட்டிருப்பார்கள்? இறைச்சிக்கடைக்காரன் மட்டுமல்ல. கறவை ஓய்ந்த பசுவையும் பால் தராத காளைக் கன்றையும் வைத்துத் தீனி போட வழியில்லாத சிங்கள விவசாயியும் தமிழ் விவசாயியும்தான். ஒவ்வொரு கோப்பைப் பால் தேநீருக்கும் பின்னால் ஒரு காளைக் கன்று நிற்கிறது என்பதை ஸ்டேக் தின்பவரும் யோசிப்பதில்லை, தடை கேட்பவரும் யோசிப்பதில்லை.

மாட்டைக் கத்தியால் மட்டும் அறிந்த சமூகம் என்று நம்மைப் பேசுகிறவர்களுக்கு இந்த மலைநாட்டுச் சரித்திரம் தெரியாது. கண்டி இராச்சியத்தில் மடிகே பத்த என்ற போக்குவரத்துப் பிரிவில் நம் முன்னோர் இருந்தார்கள். பொதி மாடுகளின் தவளம் கட்டி உப்பை மலைக்கு ஏற்றினார்கள், பாக்கைக் கரைக்கு இறக்கினார்கள். மாட்டுக்குப் பின்னால் நடந்தே வாழ்ந்த பரம்பரை. இதை நம் பிள்ளைகளே அறியவில்லை, மற்றவரை எப்படிக் குறை சொல்வது?

நம்மவர் பக்கம் வருகிறேன். அந்த உணவகத்தில் மாமா "ஹலாலா?" என்று கேட்டார். வெளிநாட்டுச் சான்றிதழ் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது. மாமா திருப்திப்பட்டார். இதே மாமா எங்கள் கடை நானாவிடம் எலும்பு கூடிப்போயிற்று, தராசு சரியில்லை என்று ஐம்பது ரூபாவுக்குப் பத்து நிமிடம் நிற்பவர். அந்த நானா வருடா வருடம் சபைக்கு டெண்டர் கட்டி, மிருக வைத்தியரின் பரிசோதனைக்கும் மாடு ஏற்றும் அனுமதிக்கும் அலைந்து, வழியில் மறிக்கப்பட்டு, பெருநாளுக்கு முந்திய இரவுகளில் தூங்காமல் கடை நடத்துபவர். அவருடைய வரிசையில் முஸ்லிம்கள் மட்டும் நிற்பதில்லை. பேசாமல் பையை நீட்டி, பத்திரிகைத் தாளில் இரட்டைச் சுற்றாகச் சுற்றச் சொல்லி வாங்கிப் போகிறவர்களை நானும் அறிவேன், நானாவும் அறிவார். 2020 இல் அவருக்காக நம் வசதி படைத்தவர்கள் எத்தனை பேர் வாய் திறந்தார்கள்? ஒன்றிரண்டு பேர். மற்றவர்கள் "இறக்குமதி வரும்தானே" என்றார்கள். என் காதால் கேட்டேன்.

இறைச்சியைப் பங்கு போடுவதற்கென்றே மார்க்கக் கடமையுள்ளவர்கள் நாம். உழ்ஹிய்யாவில் ஒரு மாட்டில் ஏழு பேர் கூட்டுச் சேரலாம், பங்கு அயல்வீட்டுக்கும் ஏழைக்கும் போகிறது. கல்யாண வீட்டில் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்காருகிறோம். நல்ல துண்டு யார் பக்கம் விழுந்தாலும் அதை எதிரே இருக்கும் வயதாளியின் பக்கம் தள்ளிவிடும் ஒரு விரல் அந்தச் சஹனில் எப்போதும் இருக்கும். ஆசிரியர் கலாசாலை விடுதியில் மாதக் கடைசியில் ஒரு கிலோ இறைச்சியைப் பதினொரு பேர் அப்படிச் சாப்பிட்டிருக்கிறோம். ஸ்டேக்கைத் தள்ளிவிட முடியாது. அது உங்கள் பெயரில், உங்கள் பக்குவத்தில், உங்கள் கத்தியோடு வருகிறது. எங்கள் மூன்று துண்டுகளுக்கும் போன 44,781 ரூபா என் மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டும். இதை வீண்விரயம் என்று பள்ளிவாசலில் ஒருவரும் பேசுவதில்லை. கல்யாணச் சாப்பாட்டின் விரயத்தைப் பற்றி மாதமொரு குத்பா கேட்கிறோம்.

கொழும்பிலிருந்து திரும்பிய மூன்றாம் நாள் நானாவிடம் அண்டர்கட்டை யார் வாங்குகிறார்கள் என்று கேட்டேன்.

"முந்தி ஹோட்டல்காரங்க சுபஹோட வந்து எடுத்துட்டுப் போவாங்க சேர். இப்ப அவங்களுக்கு வெளிநாட்டுதுதான் வேணுமாம். இது மத்ததோட சேர்ந்துதான் போகுது."

"மத்த விலைக்கேவா?"

"கொஞ்சம் கூட. உங்களுக்கு வேணுமா?"

ஒரு கிலோ எடுத்துக்கொண்டேன். வீட்டில் பிஸ்டேக் செய்தோம், சாச்சாவின் மகனும் வந்திருந்தான். மூன்றாம் தடவை சோறு போட்டுக்கொண்டபோது அவன் விலை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.