எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள்?



எங்கள் ஊரில் நிழற்குடை திறந்தாலும் உயர்கோபுர விளக்கு எரிந்தாலும் எம்.பி.யின் படம் பெரிதாக நிற்கிறது. மத்திய அமைச்சரிடம் மனு கொடுக்கும் படம் அன்று மாலையே வாட்ஸ்அப்பில் வந்துவிடும். அவையில் அவர் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்ற தகவல் மட்டும் வருவதே இல்லை.

2019 டிசம்பர் 11 அன்று மாநிலங்களவையில் குடியுரிமைத் திருத்த மசோதா 125க்கு 105 என்ற கணக்கில் நிறைவேறியது. ஆதரித்தவர்களில் அ.தி.மு.க. உறுப்பினர்கள் 11 பேர். அவர்கள் எதிர்த்து வாக்களித்திருந்தால் 114க்கு 116, மசோதா தோற்றிருக்கும். அதே கட்சி 2021 தேர்தல் அறிக்கையில், இந்தச் சட்டத்தைக் கைவிடும்படி மத்திய அரசை வலியுறுத்துவோம் என்றது. மனம் மாறலாம், தவறில்லை. ஏன் மாறியது என்று சொல்ல வேண்டாமா?

வாக்குகளை எண்ணியதால்தான் 2019இல் யார் ஆதரித்தார்கள் என்பதுகூடத் தெரிந்தது. 2020 செப்டம்பர் 20 அன்று அதே அவையில் இரண்டு வேளாண் மசோதாக்கள், எண்ணச் சொல்லி எதிர்க்கட்சிகள் கேட்டும், குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறின. யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்று பெயர்வாரிப் பதிவே கிடையாது.

ஏன் அப்படி வாக்களித்தீர்கள் என்று கேட்டால் கொறடா உத்தரவு, கட்சித் தாவல் தடைச் சட்டம் என்பார்கள். 1985 முதல் அந்தச் சட்டம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தொகுதி மக்களிடம் விளக்கம் சொல்வதை அது தடுக்கவில்லையே!

ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும், எண்ணி வாக்கெடுத்த மசோதாக்களில் தமிழகத்தின் 57 எம்.பி.க்களும் எப்படி வாக்களித்தார்கள் என்று ஆசிரியராகிய தாங்கள் ஒரு பட்டியல் வெளியிட வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர், தஞ்சாவூர்