கிலோ ஒன்பதாயிரம் ரூபாய்

பிளஸ் டூ படிக்கும் மகன் 60,000 ரூபாய்க்கு ஒரு சைக்கிள் கேட்கிறான். எடை 10 கிலோதானாம். அதே கடையில் 15 கிலோ சைக்கிள் 15,000 ரூபாய். "வெயிட் கம்மின்னா ஸ்பீடாப் போகும்ப்பா" என்கிறான். பேங்க்காரன் புத்தி உடனே கணக்குப் போட்டுவிட்டது: குறைகிற ஒவ்வொரு கிலோவுக்கும் 9,000 ரூபாய்! புனேயில் நம்மவர்கள் வீடுகள் சிலவற்றில் இதே பேச்சு ஓடுவதால்தான் இந்தப் பதிவு.

இதைச் சோதித்தே பார்த்த ஒரு டாக்டர் இருக்கிறார். இங்கிலாந்தின் ஜெரமி குரோவ்ஸ். 50 பவுண்டுக்கு வாங்கிய பழைய ஸ்டீல் சைக்கிள் 13.5 கிலோ. 1,000 பவுண்டு கார்பன் சைக்கிள் 9.5 கிலோ. ஷெஃபீல்டிலிருந்து செஸ்டர்ஃபீல்டு ஆஸ்பத்திரிக்குப் போய்வர சுமார் 43 கிலோமீட்டர். 2010-ல் ஆறு மாதம், காசைச் சுண்டிப் போட்டு, விழுந்தபடி ஏதாவது ஒரு சைக்கிளில் போனார். சராசரி நேரம்? ஸ்டீல் 1 மணி 47 நிமிடம். கார்பன் 1 மணி 48 நிமிடம்! அந்த டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலிலேயே எழுதினார்.

"ஒரே ஆள், இரண்டே சைக்கிள், இதெல்லாம் ஆராய்ச்சியா?" என்பீர்கள். நியாயம்தான். ஆனால் காரணம் எளிது. சமதரையில் வேகம் கூடக்கூட நம்மைத் தடுப்பது பெரும்பாலும் எதிர்க்காற்று. அதற்கு எடையெல்லாம் கணக்கில்லை. ஏற்றத்தில் எடை பேசும், சரி. ஆனால் அங்கே சைக்கிள் மட்டுமா ஏறுகிறது? மகன் 60, சைக்கிள் 15, ஆக 75 கிலோ. அதில் 5 குறைந்தால் 7 சதவீதம்கூட இல்லை. புத்தக மூட்டை தனி.

பந்தயக்காரர்கள் கதை வேறு. மலைப்பாதையில் அவர்களுக்குச் சில நொடிகளே வெற்றி தோல்வி. வாரம் தவறாமல் சிங்கட் மலை ஏறுகிறவர்களும் தாராளமாக வாங்கட்டும். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்குத் தூக்கிப் போகிறவருக்கும் 5 கிலோ 5 கிலோதான். ஆனால் இவன் போவது கோத்ரூட்டிலிருந்து டெக்கனில் இருக்கும் டியூஷனுக்கு! பாதி நேரம் சிக்னலில் நிற்கப் போகிறான்.

என் கட்சி இதுதான். உயரத்துக்குப் பொருந்தும் ஃபிரேம், சரியான உயரத்தில் சீட், டயரில் காற்று, செயினுக்கு எண்ணெய். இவற்றைப் பார்த்து 15,000 ரூபாய் சைக்கிளே வாங்கலாம். மிச்சம் 45,000 அடுத்த வருடக் காலேஜ் ஃபீஸுக்கு உதவும்.

நண்பர்கள் எல்லோரிடமும் இருக்கிறது, எனக்கும் வேண்டும் என்றால் அதை நேராகக் கேட்கட்டும், பேசலாம். வேகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டாம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?