இனாம் வேறு, கூலி வேறு



உல்லாசக் கப்பலில் போகிறவர்கள், அறையைத் துப்புரவு செய்யும் ஊழியருக்கும் மேசையில் பரிமாறுகிறவருக்கும் எவ்வளவு இனாம் கொடுப்பது முறை? பால்மரம் வெட்டுகிறவர்களும் கிராணிமாரும் படிக்கும் ஏட்டில் இந்தக் கேள்வி எதற்கு என்று சிலர் நகைக்கலாம். கிள்ளான் துறைமுகத்தில், புலாவ் இந்தாவில் உள்ள துறைக்கு இத்தகைய கப்பல்கள் வந்து போகின்றன. ஓய்வு பெற்ற தாய் தகப்பனைப் பிள்ளைகள் இரண்டு மூன்று இரவு அழைத்துப் போகிறார்கள். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் வீட்டுமனைகளாக மாறிய பின்பு, லயத்தில் பிறந்த பிள்ளைகள் எத்தனையோ பேர் ஹோட்டல் வேலைக்குப் போய்விட்டார்கள். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே யார்டு இருந்த நிலத்தில் 2001-இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது; அதையொட்டி மாடி மாடியாக ஹோட்டல்கள் எழுந்தன. இன்று இனாம் கொடுக்கிற கையும் நம்முடையது, வாங்குகிற கையும் நம்முடையது. ஆகவே இந்தக் கேள்வி நமக்கு உரியதே.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பெரிய கப்பல் கம்பெனிகள் பல, ஒரு பயணிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 16 முதல் 20 அமெரிக்க டாலர் வரை இனாம் என்று தாமாகவே பயணியின் கணக்கில் ஏற்றிவிடுகின்றன. 18 டாலர் என்று வைத்துக்கொண்டால், கணவனும் மனைவியும் மூன்று இரவு போய்வர 108 டாலர் ஆகிறது. டாலருக்கு 4 வெள்ளி 20 காசு என்று போட்டால், ஏறத்தாழ 450 வெள்ளி. டிக்கெட் வாங்கும் நாளில் இதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. கடைசி நாள் பில்லைப் பார்த்துத் திடுக்கிடுகிறவர்கள் பலர். அப்படித் திடுக்கிட்டவர்களில் சிலர் அலுவலக மேசைக்குப் போய், இந்தத் தொகையை நீக்கிவிடு என்கிறார்கள். பல கப்பல்களில் அப்படி நீக்கவும் இடம் உண்டு.

நீக்கலாமா? கூடாது என்பது நமது துணிபு. காரணத்தைச் சொல்கிறோம்.

கப்பல் எந்த நாட்டுக் கொடியைப் பறக்க விடுகிறதோ, அந்த நாட்டுச் சட்டமே அங்கு நடக்கும். அமெரிக்கப் பயணிகளை ஏற்றும் கப்பலும் பஹாமாஸ் கொடியிலோ பனாமா கொடியிலோ ஓடும். பயணியின் நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளம் அந்தக் கப்பலின் படிக்கட்டு ஏறாது. கடல் தொழிலாளருக்காக 2006-இல் வகுக்கப்பட்டு 2013-இல் நடைமுறைக்கு வந்த அனைத்துலக ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. அதில் மலேசியாவும் சேர்ந்திருக்கிறது. அந்த ஒப்பந்தப்படியே, வேலை நேரத்துக்கு உச்சவரம்பு வைக்கும் கப்பலில் ஓர் ஊழியரிடம் ஏழு நாளில் 72 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து வந்து, மாதக் கணக்கில் வீட்டு முகம் காணாமல் உழைக்கிறவர்கள் அவர்கள். அவர்களில் பலருடைய வருமானத்தில் பெரும்பங்கு இந்த இனாம்தான். நாம் கண்ணால் காணும் அறை ஊழியரோடு, கீழ்த்தட்டில் துணி வெளுக்கிறவருக்கும் பாத்திரம் கழுவுகிறவருக்கும் அதில் பங்கு போவதுண்டு. அதை நீக்கினால் கம்பெனிக்கு உறைக்காது. உறைப்பதெல்லாம் அந்த ஏழை வீட்டு அடுப்பில்தான். முதலாளியின் மேல் உள்ள கோபத்தைத் தொழிலாளியின் சோற்றில் தீர்த்துக்கொள்வது சங்கத்தாருக்கு அழகல்ல.

ஆனால், கொடுங்கள் என்று சொல்வதோடு நம் கடமை முடிந்துவிடவில்லை. தொழிலாளிக்குக் கூலி கொடுக்க வேண்டியவர் யார்? வேலை வாங்கியவர்தானே? அந்தக் கடனைப் பயணியின் தலையில் ஏற்றி, அதற்கு இனாம் என்று பெயரும் சூட்டுவது எந்த நியாயம்?

அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே மத்திய அரசின் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7 டாலர் 25 சென்ட். இனாம் பெறும் ஊழியருக்கோ முதலாளி தம் கையிலிருந்து 2 டாலர் 13 சென்ட் கொடுத்தால் போதும். மீதி இனாமில் சேர வேண்டும். சேராவிட்டால்தான் முதலாளி ஈடு செய்ய வேண்டும். 1991 முதல் அந்த 2 டாலர் 13 சென்ட் அசையவே இல்லை. சில மாநிலங்கள் மட்டும் இதைவிட மேலான சட்டம் செய்திருக்கின்றன. இனாமைக் கூலிக்குள் கலக்க விட்டால் கூலி எப்படி உறங்கிப் போகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இது தொலைதூரத்துக் கதை என்று இருந்துவிட வேண்டாம். நம் பெட்டாலிங் ஜெயாவிலேயே இதே வழக்கு நடந்திருக்கிறது. நம் நாட்டு ஹோட்டல்களில் பில்லின் அடியில் நூற்றுக்குப் பத்து சேவைக் கட்டணம் என்று போடுவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அது அரசாங்க வரி என்று எண்ணுகிறவர்கள் உண்டு. வரி வேறு, இது வேறு. கூட்டு ஒப்பந்தம் உள்ள ஹோட்டல்களில் ஊழியருக்குப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டிய பணம் இது. 2013-இல் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது. தீபகற்பத்தில் அப்போது மாதம் 900 வெள்ளி. உடனே சில ஹோட்டல் முதலாளிகள் ஓர் உபாயம் கண்டார்கள். சேவைக் கட்டணத்தில் ஊழியருக்குச் சேர வேண்டிய பங்கை எடுத்து அடிப்படைச் சம்பளத்தில் போட்டு, இதோ குறைந்தபட்சச் சம்பளம் கொடுத்துவிட்டோம் என்றார்கள். ஊழியரின் இடது பையில் இருந்ததை எடுத்து வலது பையில் போட்டு, உயர்வு கொடுத்தோம் என்பது போன்ற கணக்கு!

தோட்டத்தில் இப்படி நடந்தால் ஒப்புவோமா? கட்டிப்பாலுக்குத் தனியாகக் கொடுத்துவந்த காசை நாட்கூலிக்குள் சேர்த்துவிட்டு, கூலி உயர்ந்துவிட்டது என்று பெரட்டில் வந்து சொன்னால் வாயை மூடிக்கொண்டு காட்டுக்குப் போவோமா?

ஹோட்டல் தோழர்களும் வாயை மூடிக்கொள்ளவில்லை. பெட்டாலிங் ஜெயா கிரிஸ்டல் கிரௌன் ஹோட்டலுக்கும், ஹோட்டல், மதுக்கூட, உணவக ஊழியர் தேசியச் சங்கத்துக்கும் இடையே எழுந்த தகராறு தொழிலியல் நீதிமன்றத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏறிக் கூட்டரசு நீதிமன்றம் வரை போயிற்று. 2021-இல் தீர்ப்பு வந்தது. சேவைக் கட்டணம் ஊழியருக்கு உரிய பணம்; அதைக் கொண்டு முதலாளி குறைந்தபட்சச் சம்பளக் கடனைத் தீர்க்க முடியாது என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் முடிவு கூறியது. 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆகியிருக்கும் இந்நாளில், அந்தத் தீர்ப்பின் மதிப்பு முன்னிலும் கூடியிருக்கிறது. தனி ஆளாய் நின்ற ஒரு மேசைப் பணியாளரால் இத்தனை படி ஏறியிருக்க முடியுமா? சங்கம் ஏறியது, தீர்ப்பைப் பெற்று இறங்கியது.

பிரிட்டனிலும், வாடிக்கையாளர் கொடுக்கும் இனாமில் முதலாளி ஒரு காசும் பிடிக்கக் கூடாது என்று 2023-இல் சட்டம் செய்து, 2024 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். உலகம் மெல்ல மெல்ல இந்த வழிக்குத்தான் வந்துகொண்டிருக்கிறது.

இதில் காசு மட்டும் இல்லை, மானமும் இருக்கிறது. அமெரிக்க ரயில்களில் புல்மன் கம்பெனியின் உறங்கும் வண்டிகளில் கறுப்பின ஊழியர்கள் படுக்கை விரித்தார்கள். சொற்பக் கூலி, மீதிக்குப் பயணியின் முகம் பார்க்க வேண்டும். பயணிகளில் பலர் அவர்களுடைய பெயரைக் கேட்கவும் மாட்டார்கள். கம்பெனி முதலாளியின் பெயரை வைத்து எல்லாரையும் ஜார்ஜ் என்றே கூப்பிட்டார்கள். 1925-இல் பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் சங்கம் கண்டார்கள். பன்னிரண்டு ஆண்டு போராடி 1937-இல் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்தார்கள். முகம் பார்த்து வாங்கும் காசு குறையலாம், கணக்குப் பார்த்து வாங்கும் கூலி நிலைக்க வேண்டும் என்பதே அவர்கள் கண்ட உண்மை.

கிள்ளான் மண்ணுக்கும் இந்த உண்மை தெரியும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்ததே, அதில் கேட்டது கூலி உயர்வு மட்டுமா? துரைமாரும் கிராணிமாரும் எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். கிராணித் தோழர்கள் இதைப் படித்து வருந்த வேண்டாம். பின்னாளில் தமக்கென்று சங்கம் கண்டு உரிமை கேட்டவர்கள் அவர்களும்தாம். அந்தப் போராட்டத்தை நடத்திய ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்று உயிர் கொடுத்தவர்களின் வழிவந்த நாம், கையில் பத்து வெள்ளி வைத்துக்கொண்டு இன்னொரு தொழிலாளியைக் குனியச் சொல்லலாமா?

ஆகவே, எவ்வளவு, எப்படி என்ற கேள்விக்கு நமது யோசனைகளைச் சொல்கிறோம்.

டிக்கெட் வாங்கும்போதே நாள் இனாம் எவ்வளவு, எந்த நாட்டு நாணயத்தில் என்று கேட்டுப் பயணச் செலவோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அதைக் கொடுக்க வசதி இல்லையென்றால் அந்தப் பயணத்துக்கு இன்னும் வசதி வரவில்லை என்று கொள்வதே நேர்மை. அந்தத் தொகையை நீக்கச் சொல்ல வேண்டாம். மதுக்கூடத்தில் பெரும்பாலும் நூற்றுக்கு 18 அல்லது 20 முன்பே சேர்த்திருப்பார்கள்; பில்லைப் பார்த்த பிறகே மேலே கொடுப்பதை யோசியுங்கள்.

வயதான தாயாருக்குத் துணை நின்றார், குழந்தை வாந்தி எடுத்தபோது முகம் சுளிக்காமல் சுத்தம் செய்தார் என்றால், கடைசி இரவில் ஓர் உறையில் ஐந்தோ பத்தோ டாலர் போட்டு, அவர் பெயரை எழுதிக் கையில் கொடுங்கள். கருத்துக் கேட்கும் தாளிலும் அந்தப் பெயரைக் குறிப்பிடுங்கள். அவருடைய அடுத்த ஒப்பந்தத்துக்கும் பதவி உயர்வுக்கும் அது துணை செய்யக்கூடும். கான்சியர்ஜ் என்னும் தனிப் பணியாளர் பெரும்பாலும் விலை உயர்ந்த அறைக்காரர்களுக்கே உரியவர். அவரால் உதவி பெற்றவர்கள் உதவிக்குத் தக்கபடி கொடுக்கட்டும்; பெறாதவர்களுக்கு அந்தக் கவலை வேண்டாம்.

உள்நாட்டு ஹோட்டலில் பெட்டி தூக்குகிறவருக்கு ஐந்து வெள்ளி, அறை துப்புரவு செய்கிறவருக்கு இரவுக்கு ஐந்து வெள்ளி என்பது நம் போன்றவர்களுக்குத் தகுந்த அளவு. அதோடு, இந்தப் பத்து விழுக்காடு உங்கள் கைக்கு வருகிறதா, தம்பி, என்று ஊழியரிடம் மெதுவாகக் கேளுங்கள். வரவில்லை என்றால், சங்கம் இருக்கிறதா என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். நல்ல மேசை கிடைக்க, வரிசையைத் தாண்ட முன்கூட்டியே கையில் திணிக்கும் காசு இனாம் ஆகாது. அது கோப்பிக் காசு. அது கொடுப்பவரையும் கெடுக்கும், வாங்குபவரையும் கெடுக்கும்.

இனாம் என்பது சமமானவர் சமமானவருக்கு மனம் உவந்து கொடுப்பது. கூலி என்பது வேலை வாங்கியவர் கொடுத்தே தீரவேண்டிய கடன். முன்னதைத் தாராளமாகக் கொடுப்போம். பின்னதை ஒரு காசு குறையாமல் கேட்போம். நமக்குக் கேட்பது போலவே, கப்பலின் கீழ்த்தட்டில் துணி வெளுக்கிறவருக்கும் கேட்போம்.