கொழும்பு காண் காதை

நகரங் காண்டலைத் தமிழ்ப் புலவர் பெரிதும் போற்றினர். இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் ஊர்காண் காதையென ஒரு காதையே வகுத்தார். அதிலே கோவலன் மதுரையின் மணிக்கடையும் பொற்கடையும் துணிக்கடையும் கூலவீதியும் கண்டு மகிழ்கின்றான்.

இற்றைநாளிற் கொடிகாமத்திலிருந்து புகையிரதமேறிக் கொழும்பு செல்வோரின் செயலும் அதுவே. செட்டியார் தெருவிலே பொன். புறக்கோட்டைப் பிரதான வீதியிலே துணி. நான்காம் குறுக்குத் தெருவிலே வெங்காயமும் கிழங்கும் மலையெனக் குவிந்த காட்சி. மாலையிலே காலிமுகத்திடற் காற்றும் இறால் வடையும். இரவிலே வெள்ளவத்தையிற் கொத்துரொட்டி. 2022 செப்டெம்பரிலே பொதுமக்களுக்குத் திறக்கப்பெற்ற தாமரைக் கோபுரத்தின் உச்சியிலே ஒரு படம் எடுத்துக்கொண்டாற் பயணம் நிறைவெய்திற்று.

இதனை இகழ்தல் எமது நோக்கமன்று. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியின் பாதை, 1990இற் போரினால் அறுபட்டது. தண்டவாளங்கள் காவலரண்களுக்குக் கூரையாயின. 2014 ஒக்டோபரிலேதான் யாழ்ப்பாணம் வரை புகையிரதம் மீண்டது. இடைப்பட்ட காலத்தே நம்மவர் பலர் கொழும்பு சென்றது கடவுச்சீட்டுக்கும் விசாவுக்குமே. விடுதி அறையினின்று வெளிவரவும் அஞ்சினர். இன்று கடற்கரையில் நின்று அச்சமின்றி வடை தின்பதும் ஒரு பேறேயாம்.

நிற்க. கண்டவற்றுட் கொழும்புக்கே உரியது யாது? துணியும் பொன்னும் கொத்துரொட்டியும் யாழ்ப்பாண நகரிலும் உள. வேறெங்குங் காணலாகாத ஒன்று, 1877இல் நிறுவப்பெற்ற தேசிய நூதனசாலையிலே கல்லாய் நிற்கின்றது. சீனக் கடற்றலைவர் செங் ஹே 1409இற் பொறிக்கச் செய்து கொணர்ந்த அக்கல், காலியிலே நாட்டப்பட்டது. பின்னர் மதகொன்றன் மூடுகல்லாய்க் கிடந்து, 1911இல் வெளிப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மும்மொழியும் அதில் உள. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாராகிய திருமாலையும், பாரசீகப் பகுதி இசுலாமிய நெறியையும் போற்றிக் காணிக்கைகளை நிரல்பட உரைக்கின்றன.

இதன் பொருளை எண்ணுக. யாழ்தேவி ஓடத் தொடங்கிய அதே 1956இலேதான் தனிச்சிங்களச் சட்டமும் பிறந்தது. தமிழும் ஆட்சிமொழியென அரசியலமைப்பின் 13ஆந் திருத்தம் உரைத்தது 1987இல். ஆயினும் நூலில் உள்ள உரிமை அலுவலகப் படிவத்திலும் பெயர்ப்பலகையிலும் இன்னும் நிறைவுறவில்லை. தென்னிலங்கைத் துறைமுகத்திலே தமிழை விடுத்துப் பேசலாகாதென அயல்நாட்டு மாலுமி அறுநூறு ஆண்டுகளின் முன்னரே உணர்ந்திருந்தான் என்பதற்குச் சான்று அக்கல்லன்றோ?

கொழும்பு சென்று மீண்ட மாணவரை யாம் வினவுவதுண்டு. கோபுரத்தின் உயரத்தைப் பலர் தயங்காது சொல்வர். கல்லைக் கண்டோர் மிக அரியர். பிழை அவரதன்று, அழைத்துச் செல்லும் ஆசிரியராகிய எம்மதே. கல்விச் சுற்றுலாவின் முதற்காலை நூதனசாலைக்கு உரியதாகுக. கோபுரமும் கடைவீதியும் பின்னர் ஆகுக.

கோவலன் கடைவீதியெல்லாங் கண்டு மகிழ்ந்தான். வழக்கு நேர்ந்தபோது அம்மகிழ்ச்சி அவனுக்கு உதவவில்லை. கண்ணகி கையிலிருந்த மற்றைச் சிலம்பே சான்றாயிற்று, அதுவும் அவன் மாண்ட பின்னர். நம் சான்று கொழும்பிலே காத்து நிற்கின்றது. காலந் தாழ்த்தாது சென்று காண்போமாக.