மாதுங்கா வீட்டை விற்க வேண்டாம்

ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் மாதுங்கா வீட்டை விற்றுவிட்டுத் தாய்லாந்தில் குடியேற எண்ணுகிறார். ஐம்பது வயதைக் கடந்தவர் அந்நாட்டு வங்கியில் 8 லட்சம் பாத் வைத்திருந்தால் ஓராண்டு தங்க அனுமதி கிடைக்கும். ஆனால் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 90 நாளுக்கொருமுறை முகவரியும் தெரிவிக்க வேண்டும். தவறினால் அபராதம்.

"நவம்பர் தோறும் பென்ஷனுக்கு உயிர்ச்சான்று தருகிறோமே, அதுபோலத்தானே?" என்கிறார். இல்லை. உயிர்ச்சான்று தாமதித்தால் பென்ஷன் நிற்கும். கொடுத்ததும் நிலுவையோடு வந்துவிடும். விசா தவறினால் அந்த மண்ணில் நிற்கும் உரிமையே போய்விடும்.

ரயில்வேயில் பாலம் கட்டும்போது, இன்று ஓடும் வண்டியின் பாரத்தை மட்டும் நாங்கள் கணக்கிட்டதில்லை. அறுபத்தைந்தில் வரிசையில் நிற்கலாம். எண்பத்தைந்தில் யார் நிற்பது? அன்பர்களே, ஆறு மாதம் இருந்துவிட்டு வாருங்கள். திரும்பிவர ஒரு வீடு இருக்கட்டும்.